மிளகாய் வறுக்கிற வீட்டு இருமல்

எங்கள் வளவில் இருமல் ஒரு வருத்தமே அல்ல. மிளகாய் வறுக்கிற வீட்டில் இருமாமல் இருக்கிறவனுக்குத்தான் ஏதோ வருத்தம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும். காற்று ஒழுங்கைப் பக்கம் அடித்தால் சைக்கிளில் போகிறவர்கள் தும்முவார்கள், தும்மிவிட்டு "இண்டைக்குத் தூள் போல" என்பார்கள். எங்கள் நாய் தும்மியபடியேதான் வளர்ந்தது. அதைக் குரைக்க வைப்பதற்குள் கள்ளன் வந்து குளித்துவிட்டுப் போய்விடுவான்.

யாவாரம் இரண்டு பேருடையது. நானும் அவளும். அவள் என்றால் பக்கத்து வளவுக்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவள். மலைநாட்டிலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். என் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வந்தவர். இரண்டு பேருக்கும் கட்டின மனிசன் இல்லை. அது வேறு கதை, அதைச் சொல்ல வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

வேலை இப்படி. சனங்கள் செத்தல் மிளகாயும் மல்லியும் மற்றச் சரக்கும் தங்கள் வீட்டு அளவில் கொண்டுவந்து தருவார்கள். நான் வறுப்பேன், அவள் இடித்து அரித்துக் கொடுப்பாள். ஒரு வீட்டுத் தூள் மற்ற வீட்டுத் தூள் மாதிரி இருக்கக்கூடாது. இருந்தால் இரண்டு வீட்டுக்காரரும் சண்டைக்கு வருவார்கள்.

வறுக்கிறது கண்ணால் செய்கிற வேலை இல்லை. புகைக்குக் கண் எரியும், நான் கண்ணை மூடிக்கொண்டுதான் அகப்பையைப் பிடிப்பேன். மல்லி தாச்சியில் விழுந்தவுடன் நனைந்த வைக்கோல் மணம் வரும். பிறகு தோடம்பழத் தோலைக் கிள்ளின மாதிரி ஒன்று. மூன்றாவதாக ஒரு மணம் வரும், அதற்குப் பெயர் இல்லை. அது வந்ததும் இறக்கிவிட வேண்டும். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம் பிந்தினாலும் கருகிவிடும். எனக்குப் பள்ளிக்கூடத்தில் எழுத்து ஏறவில்லை, மூக்கில் எல்லாம் ஏறியது.

அவளுக்கு மூக்கு சுமார். கைதான் கை.

"உன்ர அம்மா ரெண்டு விரலால தேயிலைக் கொழுந்து கிள்ளினவா. நீ உலக்கையோட நிக்கிறாய். பரம்பரை கெட்டுப் போச்சுதடி" என்பேன்.

"ஆமாங்க அக்கா, ஒங்களோட சேந்தா கெடாதா?" என்பாள்.

முப்பது வருடம் வன்னியில் இருந்தும் அவள் வாயில் 'ஓம்' வரவில்லை. 'ஆமா'தான். அவளுடைய மகளோ எங்களைப் போலவே கதைப்பாள். வீட்டுக்குள் தாய் ஆமா, மகள் ஓம். நடுவில் நான்.

கொரோனாவுக்கு முதல் முறை ஊரடங்கு போட்டபோது எங்களுக்குச் சிரிப்புத்தான். கடை பூட்டு, பஸ் இல்லை, கண்டி வீதி நாயும் படுக்கிற அளவுக்கு வெறுமை. ஆனால் எல்லாச் சனமும் வீட்டிலிருந்து மூன்று வேளையும் சமைத்தது. தூள் இல்லாமல் என்ன சமையல்? அரைக்கிற மில்லும் பூட்டு. அதனால் அவளுடைய உலக்கைக்கு முன்னர் இல்லாத மவுசு.

ஆட்கள் கிட்ட வரக்கூடாது என்றபடியால் எங்கள் கிளுவை வேலிதான் கடையானது. வருகிறவர்கள் சரக்குப் பையை ஒரு கிளையில் கொழுவிவிட்டுப் போவார்கள். யார் பை என்று தெரிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துணி முடிச்சு. பள்ளிக்கூட வீதி வீட்டுக்கு நீலத்துணி, கோயிலடி வீட்டுக்குப் பழைய சேலைக்கரை, அதற்கடுத்த வீட்டுக்குச் சிவப்பு. நாங்கள் பையை ஒரு நாள் வெயிலில் வைத்து, பிறகு வறுத்து இடித்து, அதே முடிச்சோடு அதே கிளையில் கொழுவுவோம். பகல் முழுக்க வேலி கலியாண வீட்டுத் தோரணம் மாதிரி ஆடும். மஞ்சள் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு துண்டு மஞ்சளைத் தாலி மாதிரி முடிந்து அனுப்பினார்கள்.

அந்த முறை வருத்தம் எங்கள் பக்கம் வரவில்லை. வந்தது அடுத்த வருடம்.

முதலில் பிடிபட்டது சந்தியில் இடியப்பம் அவித்து விற்ற வீடு. படலையில் நோட்டீஸ் ஒட்டினார்கள், பதினாலு நாள் யாரும் வெளியே வரக்கூடாது என்று. பதினாலு நாள் முடிந்தது. நோட்டீஸையும் கிழித்தார்கள். ஆனால் சனத்தின் மனதில் ஒட்டினதை யார் கிழிப்பது? அந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் ஆட்கள் வீதியின் மற்றப் பக்கம் ஏறிப் போனார்கள். மாப் பழுதாகி, இடியப்ப உரல் தூசி பிடித்து, அந்த மனிசி கடைசியில் கூலிவேலைக்குப் போனாள்.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காய்ச்சல் வந்தது.

முதல் நாள் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி. இரண்டாம் நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் இருமல். இரண்டு காய்ச்சல் குளிசையைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்கு வந்தேன். வேலியில் பதினொரு பை தொங்கியது.

அன்றைக்குப் பார்த்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். சின்னப் பெடியன், முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. படலையில் நின்று கேட்டார்.

"ஆரம்மா இருமினது?"

"நான்தான் தம்பி. இவளும் இருமுவாள். கொஞ்சம் நில்லுங்கோ, நாயும் இருமும்."

"காய்ச்சல் ஏதும் இருக்கோ?"

"தாச்சிக்குத்தான் காய்ச்சல். வந்து தொட்டுப் பாருங்கோவன்."

சொல்லிக்கொண்டே ஒரு பிடி மிளகாயைச் சூட்டுத் தாச்சியில் அள்ளிப் போட்டேன். காற்று படலைப் பக்கம்தான் அடித்தது. பெடியன் கண்ணும் மூக்கும் ஒழுக வளைந்து வளைந்து இருமினார்.

"ஐயோ தம்பி, இப்ப உங்களை ஆர் வந்து பரிசோதிக்கிறது?" என்றேன்.

அவரும் இருமிக்கொண்டே சிரித்தார், கையை ஆட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். அவள் உலக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்க இந்தக் கதைதான். நானே நான்கு பேருக்கு வேலிக்கு மேலால் சொன்னேன், ஒவ்வொரு முறையும் அவருடைய இருமலைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

என் வாழ்க்கையில் நான் விட்ட பகிடிகளில் மிகத் திறமானது அது. அதற்காகத்தான் இதைச் சொல்லத் தொடங்கினேன்.

காய்ச்சல் ஐந்தாம் நாள் போனது. போகும்போது மூக்கையும் கொண்டு போனது. எனக்கு அது தெரியவில்லை. வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு மல்லி வறுத்தேன். வைக்கோல் மணத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஈர மல்லியாக்கும், நேரம் எடுக்கும் என்று நினைத்தேன். இன்னும் காத்திருந்தேன்.

"அக்கா! கருகுதுங்க! தீயுதுங்க அக்கா!"

கண்ணைத் திறந்தால் தாச்சியில் கரி. புகை என் முகத்தைச் சுற்றி நின்றது. அதற்கு மணமே இல்லை. படத்தில் பார்க்கிற புகை மாதிரி.

அவள் தாச்சியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மூக்கு எங்கங்க போச்சு?"

"ஊரடங்கு எல்லே? அது வீட்டுக்குள்ள இருக்குது. பாஸ் கிடைச்சா வரும்."

அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, அதாங்களா?"

"உனக்கென்ன விசரோ? எனக்குப் பீனிசம். கொம்மாட்டக் கேள், சின்னனிலயே இருந்தது."

"எங்கம்மாவுக்கு ஒங்களச் சின்னதுல எப்படிங்க தெரியும்? நாங்க வேற ஊரு."

"தெரியாட்டி என்ன, நான் சொல்லுறன், நம்பன்."

நம்பினாளா, நம்பினது மாதிரி நின்றாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வேலியைத் திரும்பிப் பார்த்தாள். பைகள் தொங்கின. பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க கிண்டுங்க. நான் மோந்து பாத்துச் சொல்றேன்."

அப்படித்தான் நடந்தது. நான் அகப்பை, அவள் மூக்கு. முகக்கவசம் போட்டால் மணம் தெரியாது. அதனால் அதைக் கழற்றித் தாவாயில் போட்டுக்கொண்டு, தாச்சிக்கு மேலே என் முகத்தோடு முகம் வைத்துக் குனிந்து நிற்பாள். நான் இருமுவேன், மிளகாய் காறும்போது யார் இருமமாட்டார்கள்? அவள் மூச்சை இழுத்து இழுத்து மணம் பிடிப்பாள். நான் விட்ட மூச்சையும் சேர்த்துத்தான்.

"இப்ப வைக்கோலு. பொறுங்க. பொறுங்க. ம், தோடம்பழம். இன்னுங் கொஞ்சம்... எறக்குங்க அக்கா!"

முப்பது வருடம் நான் சொல்லிச் சொல்லி ஏறாத மணமெல்லாம் அவளுக்கு ஒரு கிழமையில் ஏறிவிட்டது. ஒரு பையும் பழுதாகவில்லை. எனக்குப் புளுகம், வாயெல்லாம் பல். "எடியேய், மூக்கைப் பழக்கிப்போட்டு என்னைக் கலைச்சுவிடாதை" என்றேன்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு விடியற்காலை படலையைத் திறக்கப் போனபோது அவளுடைய வீட்டிலிருந்து இருமல் கேட்டது.

எங்கள் இருமலை எனக்குத் தெரியும். அது அடுப்போடு வரும், அடுப்போடு போகும். அன்றைக்கு இரண்டு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. மிளகாய் தாச்சிக்குக் கிட்டவும் வரவில்லை. விறகில் பனி இருந்தது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நேற்றைய காறல் இன்னும் தொண்டையில் நிற்கிறது என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்கவில்லை. அப்படி நினைப்போம் என்று முடிவு செய்தேன். அது வேறு, இது வேறு.

நான்கு நாள் அவள் இருமினாள். "என்னடி, உலக்கையும் உன்னோட மூச்சு வாங்குது?" என்றேன். "மொளகாங்க" என்றாள். இரண்டு பேரும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டோம்.

ஐந்தாம் நாள் உலக்கைச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். உலக்கையை நிமிர்த்திப் பிடித்தபடி உரலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி.

"இப்ப நாவல்பழக் காலமோடி?" என்றேன்.

வாய் பழகிவிட்டது. கண் கண்டதை மனம் விளங்க முன்னமே வாய் பகிடியை விட்டுவிட்டது. அவளிடம் பதிலுக்கு மூச்சில்லை.

மகள்தான் போன் அடித்தாள். அம்புலன்ஸ் வந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் இறங்கினார்கள். அவள் தானாகவே நடந்து போய் ஏறினாள். ஏறமுன் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, நீலத்துணி வீட்டுக்கு... இன்னும் அரவாசி இடிக்கணும்ங்க."

"இடிப்பம். நீ போயிட்டு வா."

"மல்லிய... கண்ணத் தொறந்துட்டு வறுங்க."

கதவைச் சாத்தினார்கள்.

மறுநாள் அந்தப் பெடியன் பரிசோதகர் வந்தார். என் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுப் பார்த்தார். நான் தும்மவுமில்லை, பகிடி விடவுமில்லை. கொஞ்ச நேரத்தால் படலைக்கு வெளியே நின்று சொன்னார்.

"உங்களுக்கு ஒண்டும் இல்லையம்மா." பாவம், என்னைச் சிரிக்க வைக்க நினைத்தார். "மிளகாய்தான்."

எனக்கு வந்து போய்விட்டது என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் இரண்டு வீட்டுப் படலையிலும் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. வவுனியாவில் எரித்தார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தூரத்தில் நிறுத்தி, மூடின பெட்டியைக் காட்டினார்களாம். பெட்டி எல்லாருக்கும் ஒரே அளவு என்றாள். "அம்மா கட்டை எல்லே பெரியம்மா, உள்ளுக்க அங்கால இஞ்சால போயிருப்பா" என்றாள். ஒரு செத்த வீட்டுக்கு ஒப்பாரி வைக்க நான் போதும், எட்டு ஊருக்குக் கேட்கும். அன்றைக்கு என் வளவில் நின்று வேலிக்கு மேலால் பார்த்தேன். அவள் வளவில் ஒரு பந்தல்கூட இல்லை. தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மகள் முற்றம் கூட்டினாள். மருமகன் கொழும்பில் அடைபட்டிருந்தான்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மகள் வேலியடிக்கு வந்தாள்.

"பெரியம்மா, நான்தான் கொண்டந்தனான்."

"என்னத்தை?"

"வருத்தத்தை. பிள்ளைக்குப் பால்மா முடிஞ்சுதெண்டு சங்கக்கடை வரிசையில நிண்டனான். ரெண்டு மணித்தியாலம். எனக்கு முன்னால நிண்ட மனிசி இருமினவா. அம்மா போகவேண்டாம் எண்டவா, நான்தான் கேக்கேல்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டாள் போல. ஒவ்வொரு நாளும் வந்து சொன்னாள். பால்மாப் பெட்டியை மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தாள். குழந்தைக்கு முத்தம் கொடுப்பதை விட்டாள். "நான் தொட்டால் பிள்ளைக்கும் ஏதும் வந்திடும்" என்று குழந்தையைப் பாயில் விட்டுவிட்டுத் தூர இருந்து பார்த்தாள். அது அவளை நோக்கித் தவழும். அவள் பின்னுக்கு நகர்வாள். வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் அதைப் பார்ப்பேன்.

பரிசோதகர் கையிலிருந்த தாளில் என் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை என்று எழுதியாகிவிட்டது. ஊரும் பால்மா வரிசை என்றுதான் கதைத்தது. சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. இதைவிட வசதி யாருக்குக் கிடைக்கும்? மூன்று கிழமை அந்த வசதியோடு இருந்தேன். சோறு போட்டால் மணமில்லை, குழம்புக்கு மணமில்லை, சவர்க்காரத்துக்கும் மணமில்லை. இருமல் மட்டும் நின்றுவிட்டது. அடுப்பு மூட்டாத வீட்டில் இருமல் எதற்கு?

அவர்கள் ஆட்கள் பதினாறில் கருமாதி செய்வார்கள். பதினாறில் ஆட்கள் கூடுவதற்கு அனுமதி கிடைக்கவில்லை. அதனால் எங்கள் வழக்கப்படி முப்பத்தொன்றில் அந்தியேட்டியாகச் செய்வோம் என்றாள் மகள். ஐந்து பேருக்குச் சமையல்.

முப்பதாம் நாளுக்கு முதல்நாள் காலை. குழந்தை பாயிலிருந்து தவழ்ந்து தவழ்ந்து வந்து அவளுடைய பாவாடையைப் பிடித்தது. அவள் அதன் விரலை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஐந்து விரல். நான் எண்ணினேன்.

"எடி பிள்ளை" என்றேன். "இஞ்ச வா."

வந்தாள்.

"நீ கொண்டரேல்லை. நான்தான் கொண்டந்தனான்."

"விசர்க்கதை கதையாதேங்கோ பெரியம்மா. உங்களுக்கு இல்லையெண்டு தானே சொன்னவை."

"அவை பாக்கேக்க போயிட்டுது. எனக்கு முதலே வந்தது. காய்ச்சல், இருமல், எல்லாம். மூக்கும் போச்சு, இண்டைக்கும் மணமில்லை. பீனிசம் எண்டு கொம்மாட்டப் பொய் சொன்னனான். அவள் மாஸ்க்கைக் கழட்டிப்போட்டு எனக்காண்டி மணந்து மணந்து நிண்டவள். என்ர மூஞ்சைக்கு முன்னால. அதிலதான் பிடிச்சது. நீ வரிசைக்குப் போக முன்னமே பிடிச்சிட்டுது."

அவள் முகம் மாறும், மண்ணள்ளி வீசுவாள், வேலியைப் பிய்ப்பாள் என்று நின்றேன். அதற்கெல்லாம் ஆயத்தமாகத்தான் நின்றேன். அவள் குழந்தை மாதிரி ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப நான் இல்லையோ?"

"இல்லை."

"உண்மையாவோ? பகிடிக்குச் சொல்லேல்லையே?"

"இல்லையடி."

அவள் திரும்பிப் போனாள். குழந்தையைத் தூக்கினாள். அதன் கழுத்துக்குள் முகத்தை வைத்து அழுத்தினாள், அது மூச்சுத் திணறிக் கத்துகிற அளவுக்கு. பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அன்றைக்கு முழுக்க அந்தக் கதவு திறக்கவில்லை. என் பக்கம் அவள் பார்க்கவுமில்லை.

அடுத்த நாள் விடிய வேலிக்குப் போனேன். கிளுவையில் ஒரு பை தொங்கியது. ஒரு மாதமாக அந்த வேலியில் ஒருவரும் ஒன்றும் கொழுவவில்லை. முடிச்சு, தாயுடைய சீத்தைச் சேலையில் கிழித்த துண்டு. உள்ளே மல்லி, செத்தல், சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, ஒரு துண்டு மஞ்சள். அந்தியேட்டிக் கறிக்கு. ஒரு சொல் இல்லை.

வெயிலில் வைக்க நேரமில்லை. அடுப்பை மூட்டினேன். தாச்சியில் மல்லியைப் போட்டேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வறுத்தேன், அவள் சொன்ன மாதிரி. ஆனால் திறந்த கண்ணில் தண்ணீர் நின்றால் நிறம் தெரியாது. மல்லி பொன்னிறமா, மண்ணிறமா, ஒன்றும் பிடிபடவில்லை. மணம் வருமா என்று மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். சூடு மட்டும் வந்தது.

இறக்கவா, பொறுக்கவா? இது பழுதானால் வேறு மல்லி இல்லை. அவளுடைய கறி இது. அகப்பை கையில் நின்றுவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் மகள் நின்றாள். எப்போது வந்தாளோ தெரியாது. குழந்தை இடுப்பில் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை, தாச்சியைத்தான் பார்த்தாள். காற்று அவள் பக்கம் அடித்தது. முகக்கவசத்தைக் கீழே இழுத்தாள். நான் "போடடி!" என்று கத்த முன்னம் மூச்சை ஒருமுறை இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள்.

"பொறுங்கோ" என்றாள்.

நான் பொறுத்தேன்.

குழந்தை தும்மியது. அவள் அதன் மூக்கைத் துடைத்தாள். மீண்டும் மூச்சை இழுத்தாள்.

"இறக்குங்கோ."

பெரியம்மா என்று சொல்லவில்லை. இறக்குங்கோ என்று மட்டும்தான் சொன்னாள்.

நான் இறக்கினேன்.